சுவர்க் கடிகாரத்துக்குள் ஓர் அமானிதம்

(சங்கத்தின் பொன்விழாக் குடும்ப நாளில், மின்னணுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர்கள் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வல்ல அல்லாஹ்வின் அருளால் நம் சங்கம் ஐம்பது ஆண்டுகளைக் கடந்திருக்கிறது. அந்த நாயனுக்கே புகழனைத்தும்.

இந்த மேடையில் வழக்கமாக ஆலிம்களும் வணிகர்களும் ஆசிரியர்களும் பேசுவார்கள். இம்முறை, "ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்களும் வந்து பேசட்டும்" என்று செயற்குழு கேட்டுக்கொண்டது. நாங்கள் மூன்று பேர். மூவரும் பாயான் லெப்பாஸில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர்கள். மைக் ஒருவர் கையில் இருக்கிறது, பேச்சு மூவருடையது. ஆகவே "நாங்கள்" என்றே பேசுகிறோம்.

நாங்கள் என்ன வேலை பார்த்தோம் என்று கேட்டால் விளக்குவது சிரமம். "கம்ப்யூட்டர் வேலை" என்று சொன்னால் உறவினர் வீட்டில் பிரிண்டர் ஓடவில்லை என்று கூப்பிடுவார்கள். "எலக்ட்ரானிக்ஸ் வேலை" என்று சொன்னால் ரேடியோவைக் கொண்டுவந்து வைப்பார்கள். எனவே எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொருளிலிருந்து தொடங்குகிறோம்.

பள்ளிவாசலில் மிஹ்ராபுக்குப் பக்கத்தில் சிவப்பு எண்களில் ஒளிருமே, தொழுகை நேரக் கடிகாரம், அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வக்து நேரத்தையும் காட்டும். பாங்கு சொல்லி முடித்ததும் இகாமத்துக்கு இன்னும் எத்தனை நிமிடம் என்று எண்ணிக்கொண்டு வரும். அதைத் திறந்து பார்த்தால் விரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு இருக்கும். அதுவும் ஒரு கணினிதான். அதற்குத் திரை இல்லை, விசைப்பலகை இல்லை. ஒரே ஒரு வேலைக்காகப் பிறந்தது. இப்படி ஒரு பொருளுக்குள் பொதிந்து வைத்த கணினியை எங்கள் தொழிலில் எம்பெடட் சிஸ்டம் என்போம். தமிழில் உட்பொதி அமைப்பு எனலாம். உங்கள் வீட்டுச் சலவை இயந்திரம், காரின் பிரேக், டோல் சாவடியில் அட்டையைத் தொட்டதும் கதவைத் திறக்கும் கருவி, மருத்துவமனையில் நரம்பில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்பு எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அதற்குள் ஓடும் நிரலை எழுதுவதுதான் நாங்கள் பார்த்த வேலை.

எட்டு நிமிடம்

அந்தக் கடிகாரம் சுபுஹு நேரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? தேதி, ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றை வைத்துச் சூரியன் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே குறிப்பிட்ட பாகையில் இருக்கும்போது சுபுஹு நுழைகிறது. நம் நாட்டில் நெடுங்காலம் அது 20 பாகை என்று இருந்தது. 2019-ஆம் ஆண்டின் இறுதியில் 18 பாகை என்று மாற்றப்பட்டது. சுபுஹு ஏறத்தாழ எட்டு நிமிடம் பின்னால் போனது உங்களுக்கு நினைவிருக்கும். ஏன் எட்டு நிமிடம்? பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இரண்டு பாகைக்கு ஏறக்குறைய எட்டு நிமிடம் வருகிறது.

கணக்கு எளிது. கடிகாரத்தில் 20 என்ற எண்ணை 18 ஆக மாற்றினால் போதும். அப்போது எங்களிடம் வந்த கடிகாரங்களில் இரண்டு வகை இருந்தன. ஒரு வகையில் பின்பக்கம் இருந்த பொத்தான்களை அழுத்திச் சில நிமிடங்களில் மாற்றிக் கொடுத்துவிட்டோம். இன்னொரு வகையில் அந்த எண் நிரலுக்குள் பூட்டிக் கிடந்தது. செய்தவர் தொழிலை விட்டுப் போய்விட்டார். நிரலின் மூலம் யாரிடமும் இல்லை. சில்லைப் படிக்கவும் முடியாதபடி காப்புப் போட்டிருந்தார்கள். கடிகாரத்தில் எந்தப் பழுதும் கிடையாது. நொடி பிசகாமல் ஓடியது. நேரத்தை மட்டும் தவறாகச் சொன்னது. ஜமாஅத்தின் பணத்தில் வாங்கியதைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வாங்க வேண்டியிருந்தது.

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குகிறோம். அதன் சாவி யாரிடம் இருக்கிறது? இந்தக் கேள்விதான் இன்றைய பேச்சின் மையம். எங்கள் தொழில் வாழ்க்கை முழுவதும் எங்களைத் துரத்திய கேள்வியும் இதுவே.

நம் முன்னோர் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். கடிகாரம் இல்லாத காலத்தில் பெரிய பள்ளிவாசல்களில் முவக்கித் என்று ஒருவர் இருப்பார். தொழுகை நேரத்தைக் கணிப்பது அவர் பொறுப்பு. திமிஷ்கின் உமையா பள்ளிவாசலில் 14-ஆம் நூற்றாண்டில் அந்தப் பொறுப்பில் இருந்தவர் இப்னு ஷாத்திர். வானியலில் பெரும் அறிஞர். அந்தப் பள்ளியின் மினாராவுக்கு ஒரு சூரியக் கடிகாரமும் செய்து கொடுத்தார். அவருக்கும் முன்னால், தியார்பக்கிரில் இருந்த அல்ஜஸரி என்ற பொறியாளர் 1206-இல் ஒரு நூல் எழுதி முடித்தார். ஐம்பது கருவிகளின் அமைப்பை, எந்தக் குழாய் எந்த அளவு, எந்தத் துளை எங்கே என்பது வரை அதில் எழுதி, படமும் வரைந்து வைத்தார். மற்றொரு கைவினைஞன் அதைப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பதே நோக்கம். 1976-இல் லண்டனில் அவருடைய நீர்க்கடிகாரம் ஒன்றை அந்த நூலை வைத்தே மறுபடியும் கட்டினார்கள், அது ஓடியது. 770 ஆண்டுகளுக்குப் பிறகு! எங்கள் சுவர்க் கடிகாரமோ செய்தவர் கடையை மூடிய உடனே ஊமையாகிவிட்டது.

துறைமுகத்திலிருந்து தொழிற்பேட்டைக்கு

நாங்கள் இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தோம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகளுக்கு இது வரலாறு.

நம் பாட்டன்மார் இந்தத் தீவுக்குத் துறைமுகத்தை நம்பி வந்தார்கள். கப்பல் வேலை, மளிகை, பணமாற்று, நாசி கண்டார் என்று பிழைத்தார்கள். 1969-இல் பினாங்கு தன் சுங்கமற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வணிகம் படுத்தது, வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. அதற்கு மருந்தாகத்தான் 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கப்பட்டது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அதே ஆண்டில் இங்கேதான் திறந்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான் அந்த நிறுவனம் 4004 என்ற சில்லை வெளியிட்டிருந்தது. ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் கணக்குப்பொறிக்காக உருவானது. 2,300 டிரான்சிஸ்டர் கொண்டது. நம் சங்கமும் பினாங்கின் மின்னணுத் தொழிலும் ஒரே பத்தாண்டில் பிறந்தவை. அண்ணன் தம்பி என்றே சொல்லலாம்.

"கடை இருக்கும்போது ஃபேக்டரிக்கு ஏன் போகிறாய்?" என்று அத்தாமார் கேட்ட காலம் அது. நாங்கள் போனோம். முதலில் சோதனைப் பிரிவில் தொழில்நுட்ப உதவியாளர், பிறகு இரவுப் படிப்பு, பிறகு பொறியாளர் என்று படிப்படியாக வந்தோம்.

அந்த நாளில் எங்கள் கைக்கு வந்த சில்லு 8051. 1980-இல் வெளிவந்தது. நிரலுக்கு நான்கு கிலோபைட் இடம். வேலை செய்ய 128 பைட் நினைவகம். இன்றைய முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒன்றைச் சேமிக்க மூன்று பைட் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாற்பத்திரண்டு குறிகளோடு அந்த நினைவகம் நிரம்பிவிடும். அதற்குள் ஒரு தொழிற்சாலை இயந்திரத்தின் முழு வேலையையும் அடக்க வேண்டும். நிரலை ஈப்ராம் என்ற சில்லில் ஏற்றுவோம். அதன் தலையில் கண்ணாடிச் சாளரம் இருக்கும். பிழை இருந்தால் புற ஊதா விளக்கின் கீழே இருபது நிமிடம் போல வைத்து அழித்து, மறுபடியும் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பிழைக்கும் இருபது நிமிடக் காத்திருப்பு என்றால் எழுதுவதற்கு முன்னால் யோசிக்கும் பழக்கம் தானாக வந்துவிடும். பைட்டை எண்ணி எழுதிய கை எங்களுடையது. வீட்டுச் செலவை எண்ணிச் செய்த உம்மாமாரிடம் கற்றது என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

பதினெட்டு ஆண்டு உழைப்பு எங்கே?

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பானது.

எங்களில் ஒருவர் ஒரே இடத்தில் பதினெட்டு ஆண்டு வேலை பார்த்தார். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரு நாள் அந்தப் பிரிவை வேறொரு நாட்டுக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். இழப்பீடு சட்டப்படி கொடுத்தார்கள். அதில் குறை சொல்வதற்கில்லை. அவருக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அடுத்த வேலைக்கு நேர்காணல் போனபோது, "நீங்கள் எழுதிய நிரல் எதையாவது காட்ட முடியுமா?" என்று கேட்டார்கள். ஒரு வரி கூடக் காட்ட முடியாது. எழுதியது எல்லாம் நிறுவனத்தின் சொத்து. அந்தப் பொருளையும் பிறகு நிறுத்திவிட்டார்கள். பதினெட்டு ஆண்டு உழைப்பு ஏதோ ஓர் அலமாரியில், யாரும் திறக்காத வட்டில் இருக்கிறது. அல்லது அதுவும் இல்லை.

எங்களில் இன்னொருவருக்கு நடந்தது வேறு. அவர் வேலை பார்த்த இடத்தில் லினக்ஸைப் பயன்படுத்தினார்கள். ஒரு சில்லின் தொடர் இணைப்பை இயக்கும் பகுதியில் ஒரு பிழையைக் கண்டார். மேலாளரின் அனுமதியோடு அந்தத் திருத்தத்தை லினக்ஸ் பராமரிப்பாளர்களுக்கு அனுப்பினார். திருப்பி அனுப்பினார்கள், விளக்கம் போதாது என்றார்கள். மறுபடியும் எழுதினார். மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டார்கள். பத்து வரி கூட இருக்காது. ஆனால் அது இன்றும் அவர் பெயரோடு உலகத்தின் முன்னால் இருக்கிறது. அவருடைய பிரிவு மூடப்பட்டபோது அடுத்த இடத்தில் அந்தத் திருத்தங்களைத்தான் காட்டினார். வேலை கிடைத்தது.

இருவருக்கும் திறமை ஒன்றுதான். வேறுபாடு, உழைப்பு வைக்கப்பட்ட இடத்தில். இதைப் பிள்ளைகள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

திறந்த மூலம் என்றால் என்ன?

சமையலை வைத்துச் சொல்கிறோம். கடையில் பிரியாணி வாங்கிச் சாப்பிடுவது ஒன்று. செய்முறையையும் சேர்த்து வாங்கிக்கொள்வது இன்னொன்று. செய்முறை கையில் இருந்தால் உப்பைக் குறைக்கலாம், காரத்தைக் கூட்டலாம், மகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். மென்பொருளில் அந்தச் செய்முறைக்குப் பெயர் மூல நிரல். அதைத் திறந்து வைத்து, "படியுங்கள், மாற்றுங்கள், பிறருக்குக் கொடுங்கள்" என்று உரிமம் தருவதே திறந்த மூல மென்பொருள்.

இதற்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ஒரு பிரிண்டர் அடிக்கடி காகிதம் சிக்கி நின்றது. அதன் நிரலைத் திருத்த அவர் விரும்பினார்; மூலம் கொடுக்க மறுத்தார்கள். பிரிண்டரும் ஓர் உட்பொதி அமைப்புதான்! 1983-இல் அவர் குனூ என்ற திட்டத்தை அறிவித்தார். பிறகு ஜி.பி.எல். என்ற உரிமத்தை எழுதினார். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலைத் தொடங்கி, அடுத்த ஆண்டு அதை அதே உரிமத்தில் வெளியிட்டார். இன்று உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு தொலைபேசியின் அடியில் ஓடுவது அதுவே.

ஜி.பி.எல். உரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டு. நீ எடுத்துப் பயன்படுத்து, விற்கவும் செய், காசு சம்பாதி. ஆனால் வாங்குகிறவனுக்கும் மூலத்தைக் கொடு. இது ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடவில்லை. லிங்க்சிஸ் நிறுவனத்தின் நீல நிற வீட்டு ரூட்டர் ஒன்று இருபது ஆண்டுகளுக்கு முன் பிரபலமாக இருந்தது. அதற்குள் லினக்ஸ் ஓடுகிறது என்பதை 2003-இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்து மூலத்தைக் கேட்டார்கள். நிறுவனம் வெளியிட்டது. அதை அடிப்படையாக வைத்து 2004-இல் ஓபன்டபிள்யூஆர்டி என்ற திட்டம் பிறந்தது. தயாரிப்பாளர் கைவிட்ட எத்தனையோ ரூட்டர்கள் அதனால் மறுவாழ்வு பெற்றன. எங்கள் சுவர்க் கடிகாரத்துக்குக் கிடைக்காத சாவி அந்த ரூட்டருக்குக் கிடைத்தது.

நம் ஊரில் எல்லோரும் அறிந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் நிலம் 1801-இல் கிடைத்தது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக எத்தனை தலைமுறை அதில் தொழுதிருக்கிறது! விற்க முடியாது, ஒருவர் சொந்தம் கொண்டாட முடியாது, எல்லோரும் பயன் பெறலாம் என்ற வக்ஃபு ஏற்பாடு நமக்கு இரத்தத்தில் ஊறியது. திறந்த மூல உரிமத்தைப் பார்த்தபோது எங்களுக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒன்று என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆலிம்கள் அல்லர். ஆனால் வக்ஃபைப் புரிந்துகொண்ட சமுதாயத்துக்கு இந்தத் தத்துவம் அந்நியமாக இருக்காது. சொல்லப்போனால் இதில் கூடுதல் வசதி ஒன்றும் உண்டு: நிலத்தைப் பத்துப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்குக் கொஞ்சம்தான். நிரலைப் பத்து இலட்சம் பேருக்குக் கொடுத்தாலும் ஒவ்வொருவருக்கும் முழுதாகக் கிடைக்கும்.

அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாய்க் கோளில் இன்ஜெனுவிட்டி என்ற சிறு ஹெலிகாப்டர் 39 வினாடி பறந்தது. அதில் ஓடியது லினக்ஸ். அந்தப் பறத்தலுக்கு உதவிய திறந்த மூல நிரல்களில் பங்களித்தவர்கள் ஏறத்தாழ 12,000 பேர் என்று கணக்கிட்டார்கள். பலருக்குத் தம் நிரல் செவ்வாய்க்குப் போனதே அன்றுதான் தெரியும். வலக்கை கொடுத்தது இடக்கைக்குத் தெரியாமல் இருப்பது என்று நாம் தர்மத்தைப் பற்றிப் பேசுவோமே, அதைப் போல!

அமானிதம்

இத்தனை நல்லதையும் சொல்லிவிட்டு ஆபத்தைச் சொல்லாமல் போனால் நேர்மையாகாது.

உட்பொதி நிரலில் பிழை வந்தால் உயிர் போகும். தெரக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. சிலர் இறந்தார்கள். காரணங்களில் ஒன்று, ஒரே ஒரு பைட். பாதுகாப்பைச் சோதிக்கும் இடத்தில் ஒரு பைட் எண்ணி வைத்திருந்தார்கள். ஒரு பைட்டில் 255 வரைதான் எண்ண முடியும், அடுத்தது சுழியம். சுழியம் என்றால் சோதனை தேவையில்லை என்று பொருள். 256 முறைக்கு ஒரு முறை அந்தச் சோதனை நடக்காமல் போனது. முந்திய மாதிரிகளில் தவறைத் தடுக்கத் தனி வன்பொருள் இருந்தது. மென்பொருள் இருக்கிறதே என்று அதை எடுத்துவிட்டிருந்தார்கள். இந்தக் கதையை எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒவ்வோர் இளைஞருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கிறோம். நம் கையில் இருப்பது முன்பின் தெரியாத ஒருவருடைய உயிர். அவர் நம்மைப் பார்க்கப்போவதில்லை. நம் பெயரைக் கேட்கப்போவதில்லை. அவர் அறியாமலே நம்மை நம்பி வைத்தது அமானிதம்.

உரிமமும் அமானிதம்தான். பிறர் எழுதியதை எடுத்துப் பொருளுக்குள் வைத்து விற்றுவிட்டு, நிபந்தனையை மட்டும் காற்றில் விடுவது இந்தத் தொழிலில் நடக்கிறது. "யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?" என்பார்கள். எவர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கணக்கு உண்டு என்று நம்புகிறவர்கள் நாம். நம் பிள்ளைகள் அந்த வழியில் போகக் கூடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. இலவசமாகக் கிடைக்கிறது என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். பராமரிக்கிறவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இணையத்தில் வங்கிப் பரிமாற்றம் முதல் எல்லாவற்றையும் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரலில் 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பெரும் ஓட்டை வெளிப்பட்டது. அப்போதுதான் தெரிந்தது, அதற்கு முழுநேரமாக இருந்தவர் ஒருவர். ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சிறு நிரலில் நடந்தது அதைவிடப் பயங்கரம். தனியாகப் பராமரித்துக் களைத்துப்போன ஒருவருக்கு உதவுவதாக வந்து, இரண்டு ஆண்டுக்கு மேல் நல்லவராக நடந்து நம்பிக்கையைப் பெற்று, கடைசியில் கள்ளக்கதவு ஒன்றை நுழைத்துவிட்டார் ஒரு முகமறியா மனிதர். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தம் கணினியில் நுழைவதற்கு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிப் பார்த்ததால் உலகம் தப்பியது. மூலம் திறந்திருந்ததால் அவரால் தோண்ட முடிந்தது. பள்ளிவாசல் பொதுச் சொத்து என்பதால் விளக்குமாறு தானாக நகர்ந்துவிடாது. யாரோ ஒருவர் பெருக்க வேண்டும். மென்பொருளும் அப்படியே.

பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

பெற்றோர் எங்களிடம் கேட்பது: "இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" வாக்குறுதி தர எங்களால் முடியாது, ரிஸ்கு அல்லாஹ்வின் கையில். ஆனால் தகுதியை வளர்க்க வழி சொல்ல முடியும்.

எஸ்.பி.எம். முடியும் வரை காத்திருக்க வேண்டாம். ஆர்டுயினோ, ராஸ்பெர்ரி பை போன்ற சிறு பலகைகள் இப்போது பிள்ளைகளுக்கென்றே கிடைக்கின்றன. ஒரு விளக்கை எரியவிட்டு அணைப்பதில் தொடங்குங்கள். சி மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். ஐம்பது ஆண்டாகியும் அது எங்கள் தொழிலின் தாய்மொழி. சில்லின் தரவேட்டைப் படிக்கப் பழகுங்கள். சலிப்பாக இருக்கும், ஆனால் விடை அதில்தான் இருக்கும். சால்டரிங் இரும்பைப் பிடிக்கப் பயப்படாதீர்கள்.

பிறகு ஒரு திறந்த மூலத் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாளே பெரிய நிரல் எழுத வேண்டியதில்லை. கையேட்டில் ஒரு பிழையைத் திருத்துங்கள். ஒரு கோளாறு எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்று தெளிவாக எழுதி அனுப்புங்கள். திருப்பி அனுப்பினால் மனம் உடையாதீர்கள். எங்களில் ஒருவருக்கு மூன்று முறை ஆனதைச் சொன்னோமே! முகம் தெரியாத மூத்தவர் ஒருவர் உங்கள் நிரலை வரி வரியாகப் படித்துக் குறை சொல்கிறார் என்றால், சம்பளம் வாங்காத உஸ்தாது ஒருவர் கிடைத்திருக்கிறார் என்று எண்ணுங்கள்.

வேலையில் சேரும்போது ஒப்பந்தத்தைப் படியுங்கள். நிறுவனத்தின் இரகசியத்தை வெளியே கொண்டுவருவது துரோகம். அனுமதி கேட்டு, எழுத்தில் வாங்கி, பொதுவுக்குக் கொடுக்கக்கூடியதைக் கொடுங்கள். கேட்டால் கொடுக்கும் மேலாளர்கள் பலரை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சொல். அப்போலோ விண்கலத்தைச் சந்திரனுக்குக் கொண்டுபோன கணினியின் நிரல், செம்புக் கம்பியைக் காந்த வளையங்களுக்குள் கோத்துப் பின்னிய நினைவகத்தில் இருந்தது. அதைப் பின்னியவர்கள் ஆலைத் தொழிலாளிப் பெண்கள். பாயான் லெப்பாஸின் முதல் தலைமுறை ஆலைகளில் நுண்ணோக்கியில் கண் பதித்து உழைத்தவர்களும் பெரும்பாலும் இளம் பெண்களே. கை உழைப்பாக இருந்தபோது பெண்கள் செய்தார்கள்; மூளை உழைப்பாகும்போது தயக்கம் எதற்கு? வீட்டிலிருந்தே உலகத்தோடு சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது. மகள் விரும்பினால் தடுக்காதீர்கள்.

சங்கத்துக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று. சனிக்கிழமைகளில் கணக்கு, அறிவியல் துணைப்பாட வகுப்பு நடக்கிறது. அதோடு மாதம் இரண்டு வகுப்பு இதற்கு ஒதுக்குங்கள். சொல்லிக்கொடுக்க நாங்கள் மூவரும் வருகிறோம், ஊதியம் வேண்டாம். பலகைகள் வாங்கப் பணம் வேண்டும், அவ்வளவுதான். முதல் பாடமாக ஒரு தொழுகை நேரக் கடிகாரம் செய்வோம். பாகையை மாற்ற ஒரு பொத்தான் வைப்போம். நேரங்களின் பெயரைத் தமிழில் காட்டுவோம். அதன் மூலத்தைத் திறந்து வைப்போம். எந்த ஊர்ப் பள்ளிவாசலும் எடுத்துக்கொள்ளட்டும்.

இறுதியாக ஒரு தேதி. பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள்: 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 11 மணி 14 நிமிடம் 7 வினாடி. ஏராளமான கணினிகள் நேரத்தை 1970 தொடக்கத்திலிருந்து வினாடி வினாடியாக எண்ணிவருகின்றன. பழைய 32 பிட் முறையில் அந்த எண்ணிக்கை 2,147,483,647-க்கு மேல் போகாது. அந்த வினாடியைத் தாண்டியதும் அவை 1901 டிசம்பருக்குத் திரும்பிவிடும். 2020-இல் வந்த லினக்ஸ் பதிப்பு ஒன்றில் 32 பிட் கருவிகளுக்கும் இதற்கான வழி செய்துவிட்டார்கள். மூலம் கையில் இருக்கும் கருவிகளைத் திருத்தலாம். பூட்டிக் கிடக்கும் கருவிகளை என்ன செய்வது? இன்று நாம் வாங்கி மாட்டும் கடிகாரம் அன்றும் சுவரில் இருக்கக்கூடும். லிஃப்டும், தண்ணீர்ப் பம்பும், மருத்துவமனைக் கருவியும் இருக்கக்கூடும். அன்றைக்கு லுஹருக்குச் சரியான நேரம் காட்ட வேண்டும், நோயாளிக்குச் சரியான வேளையில் மருந்து இறங்க வேண்டும்.

நாங்கள் இருப்போமோ, இல்லையோ; அல்லாஹ் அறிவான். இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளைகள் அப்போது வேலைக்கு வந்திருப்பார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஏதோ ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதைப் படித்து, திருத்தி, திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கிறவர்களில் நம் வீட்டுப் பிள்ளை ஒருவராவது இருக்க வேண்டும். ஐம்பது ஆண்டு கண்ட சங்கம் அடுத்த ஐம்பதுக்கு இப்படி ஒரு முதலீடு செய்யட்டும்.

பயனுள்ள கல்வியையும், அதைப் பிறருக்குக் கொடுக்கும் மனத்தையும், கொடுத்ததில் பரக்கத்தையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.